நித்திரையில்லா இராத்திரிகள்: டயாலிசிஸ் பெறுவோரைச் சந்திக்கும் அன்பர்களுக்கு



சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம், யந்திரம் இரத்தத்தைச் சுத்திகரிக்கிறது. இதைச் சபையார் அறிவீர்கள். இவர்களுடைய இராக்காலத்தைப் பற்றியோ அதிகம் பேசப்படுவதில்லை. படுக்கையண்டையில் நாங்கள் அடிக்கடி கேட்கும் முறையீடு வலியைப் பற்றியதல்ல. "ஐயா, கண்ணை மூட முடியவில்லை" என்பதுதான்.

கவலைதான் காரணம் என்று முடிவுகட்டி, "விசுவாசத்தோடு ஜெபித்துவிட்டுப் படுங்கள்" என்று புத்தி சொல்லிப் போகிறவர்கள் உண்டு. வேலை போயிற்று, கடன் ஏறுகிறது. கவலை இல்லாமலா இருக்கும்? ஆனாலும் காரணம் சரீரத்திலேயே இருக்கும்போது அதை விசுவாசக் குறைவென்று எண்ணுவது, வியாதியஸ்தர்மேல் இன்னொரு பாரத்தைச் சுமத்துவதாகும்.

கால்களைப் பாருங்கள். ஒரு கொத்தனாரின் மனைவி எங்களிடம் சொன்னார்: "படுத்தவுடனே காலுக்குள் எறும்பு ஊருகிறது என்கிறார். எழுந்து முற்றத்தில் நடந்தால் சரியாகிறது. படுத்தால் மறுபடியும் அதேதான்." செய்வினை என்று அக்கம்பக்கத்தார் பேசினார்களாம்! இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே இதை எழுதிவைத்தார். சுவீடன் தேசத்து எக்பாம் 1945-இல் இதை விரிவாக ஆராய்ந்தார். ஓயாத கால்கள் என்று பெயர். டயாலிசிஸ் பெறுவோரிடம் இது மிகுதி. இரும்புச்சத்துக் குறைவு இதை அதிகப்படுத்தும். இரத்தப் பரிசோதனையில் அது தெரியும், ஊசி வழியாக ஈடுசெய்யலாம். இதற்கென்று மருந்துகளும் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட பலருக்குச் சில வாரங்களில் இத்தொல்லை நீங்கிவிடுகிறது.

இராத்திரியில் உடம்பு அரிக்கிறது என்பாரும் உண்டு. டயாலிசிஸ் போதாமையும் இரத்தத்தில் பாஸ்பரஸ் மிகுதியும் இதற்குக் காரணமாகலாம். கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் வரவழைக்கும் அரிப்பு மாத்திரைகள் ஓயாத கால்களை இன்னும் மோசமாக்கக்கூடும். மருத்துவரைக் கேளாமல் வாங்கவேண்டாம்.

குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று, திடுக்கிட்டு விழிப்பவர்களும் இருக்கிறார்கள். பகலெல்லாம் உடலில் தேங்கும் நீர், படுத்தவுடன் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை நெருக்குகிறது. கனடாவின் டொராண்டோ நகரில் 14 பேரை வழக்கமான டயாலிசிஸிலிருந்து இராமுழுதும் நித்திரையிலேயே செய்யும் டயாலிசிஸுக்கு மாற்றிப் பார்த்தார்கள். மணிக்குச் சராசரி 25 தடவை ஏற்பட்ட மூச்சுத் தடை 8 ஆகக் குறைந்ததென்று 2001-இல் வெளியிட்டார்கள். நம் ஊர்களில் அந்த வசதி அரிது. ஆனால் மூச்சு நிற்பதைக் கூடப் படுக்கும் மனைவியோ மகனோதான் கண்டுபிடிக்கமுடியும். இப்படிப்பட்டவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்தாகலாம்.

முதல் ஷிஃப்டுக்கு வரவேண்டுமென்று அதிகாலை மூன்று மணிக்கே பஸ் ஏறுகிறவர் யந்திரத்தோடு கிடக்கையில் தூங்கிவிடுகிறார், அன்றிரவு விழித்திருக்கிறார். அவரைக் குறைசொல்ல முடியுமா?

ஆகவே சந்திக்கப் போகிறவர்கள் ஜெபிக்கும் முன்னே கேளுங்கள்: படுத்தால் கால் நிலைகொள்ளுகிறதா? அரிக்கிறதா? மூச்சு நிற்பதை யாராவது கண்டார்களா? ஆம் என்றால், அடுத்த முறை வரும்போது நர்ஸிடம் தவறாமல் சொல்லும்படி வீட்டாரை ஏவுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமலிருப்பவர்களே அதிகம். டயாலிசிஸ் முடிந்த அன்று போகாதிருங்கள், களைத்திருப்பார், மறுநாள் போங்கள். சாயங்காலம் போனால் உபசாரத்துக்காகக் காப்பி கேட்காதீர்கள். உங்களோடு அவரும் ஒரு தம்ளர் குடிப்பார். அது அவருடைய அன்றைய தண்ணீர் அளவிலும் சேரும், இராத்தூக்கத்தையும் கெடுக்கும்.