ஒரு கால் மட்டும் வீங்கினால்

பிள்ளை பெற்ற தாய்மார்களே, அவர்களைக் கவனித்துக்கொள்ளும் வீட்டுப் பெரியவர்களே!

பிரசவம் நல்லபடியாக முடிந்து வீடு வந்த தாய்க்கு, பத்தாம் நாள் வாக்கில் ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையிலிருந்து தொடை வரை வீங்குகிறது. தொட்டால் சூடு, ஊன்றினால் வலி. வீட்டில் என்ன சொல்வார்கள்? "பச்சை உடம்புல வாயு இறங்கியிருக்கு, எண்ணெய் போட்டு உருவிவிட்டா சரியாப் போயிடும்." அன்பினால் சொல்வதுதான். ஆனால் அந்தக் காலை உருவக் கூடாது.

காரணம் இது. பிரசவத்தில் ரத்தம் அளவுக்கு மீறிப் போய்விடாமல் இருக்க, கர்ப்ப காலத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும் தன்மையை அடைகிறது. வளர்ந்த கருப்பை அடிவயிற்றுக் குழாய்களை அழுத்துவதால் காலிலிருந்து ரத்தம் மேலே திரும்புவதும் மந்தமாகிறது. இதனால் காலின் ஆழத்தில் உள்ள சிரைகளில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். (சிரை என்பது பேச்சில் நாம் நரம்பு என்கிறோமே, அதுதான்.) கர்ப்பிணிகளுக்கு இது பெரும்பாலும் இடது காலில் வரும். பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரங்கள் அதிகக் கவனம் வேண்டியவை. சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கூடுதலாக. கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர் போய்விடும்.

முன்பு மருத்துவர்கள் பாதத்தை மேல்நோக்கி மடக்கி, கெண்டைச் சதை வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, வலித்தவர்கள் பலருக்குக் கட்டி இல்லை. கட்டி இருந்த பலருக்கு வலியே இல்லை. அப்புறம் பாதத்து நரம்பில் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். சரியாகத் தெரியும், ஆனால் நோவு. இப்போது செய்வது ஸ்கேன். கர்ப்பத்தில் வயிற்றுக்குப் பார்த்தார்களே, அதே மாதிரிக் கருவிதான். அதை வைத்துத் தொடையில் அழுத்தினால் நல்ல சிரை தட்டையாகிவிடும். கட்டி உள்ள சிரை அழுங்காது. 220 பேரிடம் செய்து 1989-ல் வெளியான ஆய்வில், தொடையிலும் முழங்காலிலும் உள்ள கட்டிகளை இந்தச் சுலபமான சோதனை சாயப் படத்துக்கு ஈடாகக் காட்டியது. முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றாலும், சந்தேகம் தீராவிட்டால் சில நாளில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அலுத்துக்கொள்ளாமல் போங்கள்.

"ஊசி எதுக்கு, வீக்கம் தானா வடியாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள், நுரையீரலில் கட்டி அடைத்த 35 நோயாளிகளை வைத்து ஒப்பிட்டு 1960-ல் வெளியிட்டார்கள். உறைவைத் தடுக்கும் மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அந்த அடைப்பாலேயே இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் அப்படி ஒருவரும் இறக்கவில்லை. அதன்பின் ஒருவருக்கும் மருந்தை மறுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

முதலில் ஹெப்பாரின் ஊசி, பிறகு வார்ஃபரின் மாத்திரை என்று பொதுவாகக் குறைந்தது மூன்று மாதம் சிகிச்சை நடக்கும். "அது எலி மருந்தாச்சே!" என்று யாராவது பயமுறுத்தலாம். 1948-ல் அது எலி மருந்தாகத்தான் வந்தது, மெய்தான். 1954 முதல் அளவறிந்து மனிதருக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். அந்த அளவைச் சரிபார்க்கத்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. இந்த இரண்டு மருந்துகளோடும் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ரத்தக் கசிவு உண்டாகும்.

பிரசவமான பெண்ணைப் படுக்கையிலேயே கிடத்தாதீர்கள். மருத்துவர் சொன்னதும் எழுந்து நடக்கட்டும். தண்ணீர் கேட்டால் கொடுங்கள். "பச்சை உடம்புக்குத் தண்ணி ஆகாது" என்பது தவறு.

ஒரு கால் வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கட்டி வந்து குணமானவர்கள் மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையைச் சாப்பிடக் கூடாது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் உறைவைக் கூட்டும். காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்தி, அடுத்த கர்ப்பத்தில் முதல் தடவை போகும்போதே நர்ஸம்மாவிடம் காட்டுங்கள்.