ரிமோட் ஹெலிகாப்டரில் கைரோவை எங்கே ஒட்டுவது?

வால் ஆடினால் உடனே புது கைரோ வாங்கப் பலர் கிளம்பிவிடுகிறார்கள். செலவு செய்யும் முன், இருக்கிற கைரோவை ஒட்டிய இடத்தையும் விதத்தையும் ஒருமுறை பாருங்கள்.

1. கைரோ நட்ட நடுவில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹெலி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. மூக்குப் பக்கம் இருந்தாலும் வால் பக்கம் இருந்தாலும் அந்த வேகம் ஒன்றுதான். எனவே அதிர்வும் சூடும் குறைந்த, ஆட்டம் காணாத இடமாகத் தேடுங்கள்.

2. எலெக்ட்ரிக் ஹெலி என்றால், ஃபிரேமின் பின்பக்கம் வால் பூம் தொடங்கும் இடத்தில் உள்ள தட்டுதான் என் முதல் தேர்வு. மோட்டாரையும் ஈஎஸ்சியையும் விட்டுத் தள்ளியே இருக்கட்டும். நைட்ரோ இன்ஜின் என்றால் சைலன்ஸர் பக்கமே போகாதீர்கள். புகையோடு வரும் எண்ணெய் டேப்பின் பசையை இளக்கிவிடும்.

3. கைரோவின் அடிப்பாகம் மெயின் ஷாஃப்டுக்குச் சரியாக 90 டிகிரியில் இருக்க வேண்டும். பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் பாருங்கள். சாய்ந்திருந்தால், ஹெலி உருளும்போது அதையும் திரும்புவதாக எண்ணி வாலை இழுக்கும். ஃப்ளைபார் இல்லாத ஹெலியின் கைரோ மூன்று அச்சுகளையும் அளப்பதால், அதன் விளிம்பும் பூமுக்கு இணையாக இருப்பது அவசியம்.

4. கைரோவோடு வரும் ஃபோம் டபுள் சைட் டேப்பையே பயன்படுத்துங்கள். ஒட்டும் முன் இரு பரப்பையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். அது இறுகியதும் அதிர்வு முழுவதும் கைரோவுக்குள் இறங்கும். மெத்தென்று இருக்கட்டும் என்று மூன்று நான்கு அடுக்கு ஒட்டுவதும் தப்பு. கைரோவே ஆடத் தொடங்கும். அதிர்வு மிகுந்த பெட்ரோல் ஹெலியில், இரண்டு டேப்புகளுக்கு நடுவே சிறிய உலோகத் தகடு வைத்தால் நல்ல பலன் கிடைக்கும்.

5. கைரோவின் வயரை விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். டேப் தடுக்கும் அதிர்வு வயர் வழியே வந்து சேரும். கேனபியும் உரசக்கூடாது.

6. வாலை பெல்ட் ஓட்டும் ஹெலியில் நிலைமின்சாரம் சேரும். காரணமே தெரியாமல் வால் வெட்டி வெட்டி இழுத்தால் இதைச் சந்தேகியுங்கள். பூமையும் மோட்டார் உடலையும் ஒரு மெல்லிய வயரால் இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

7. ஒட்டியதும் திசையைச் சோதியுங்கள். முதலில் மோட்டார் வயர்களைக் கழற்றி, முனைகள் ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். ரட்டர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி, வால் சர்வோ எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். ஸ்டிக்கை விட்டுவிட்டு, ஹெலியின் மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்புங்கள். சர்வோ அதே பக்கம் நகர வேண்டும். மாறி நகர்ந்தால் கைரோவின் ரிவர்ஸ் ஸ்விட்சை மாற்றுங்கள். இதைப் பார்க்காமல் தரையை விட்டுக் கிளப்பினால் ஹெலி பம்பரமாகச் சுழன்றுவிடும்.

8. பாட்டரியை இணைத்ததும் கைரோ தயாராகும்வரை ஹெலியைத் தொடாதீர்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெயிலுக்குக் கொண்டுபோனால், சற்று நேரம் வெளிச் சூட்டுக்குப் பழகவிட்டு அப்புறம் இணையுங்கள்.

9. இத்தனைக்கும் பிறகு வால் ஆடினால் கெயினைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். பிளேடு பாலன்ஸ், வளைந்த ஷாஃப்ட், தேய்ந்த பேரிங் இவற்றையும் சோதியுங்கள். அந்தக் கோளாறுகளை எந்த டேப்பாலும் மறைக்க முடியாது.