ஆத்தும வறட்சி

ஜெபம் உதட்டளவிலும் வேதவாசிப்புக் கண்ணளவிலும் நின்றுவிடும் காலம் பக்தருடைய ஜீவியத்தில் உண்டு. ஆத்தும வறட்சியென்பது இதுவே. நம்மிற் சிலர் இதனைத் தேவன் தம்மைத் தள்ளிவிட்டமைக்கு அடையாளமெனக் கொண்டு ஜெபத்தையே விட்டொழிகின்றனர். அஃது ஏற்புடைத்தோ?

பாலை தனி நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்தவிடத்துப் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறும். மழை பெய்யின் அந்நிலமே மீண்டும் தளிர்க்கும். வறண்ட உள்ளமும் அத்தகையதே.

இதற்கு அன்னை தெரேசா தக்க சான்றாவார். 1948-இல் கல்கத்தாவின் ஏழைகளிடையே ஊழியந் தொடங்கிய அவ்வம்மையார் 1997-இல் மறைந்தார். அவ்வாண்டுகளில், இடையே சிறிது காலம் நீங்கலாக, தேவசமுகத்தை உணராத இருளிலேயே அவர் வாழ்ந்தாரென்பது, 2007-இல் அவர்தம் கடிதங்கள் நூலாக வெளிவந்தபோதுதான் உலகறியப் புலனாயிற்று. எனினும் அவர் ஜெபத்தையும் விட்டாரல்லர். மரணத்தறுவாயிலிருந்தோர்க்குச் செய்த பணியையும் விட்டாரல்லர்.

ஆகவே நாம் செய்யத்தக்கன யாவை? ஜெபவேளையைத் தவறாது காத்தல் ஒன்று. 42-ஆம் சங்கீதத்தின் ஆசிரியரைப்போல் நம் தாகத்தையும் கலக்கத்தையும் மறையாது தேவனிடமே முறையிடுதல் மற்றொன்று. சபையின் ஐக்கியத்தினின்று விலகாது, அயலானுக்கு இயன்ற உதவியை நாடோறும் புரிதல் பிறிதொன்று.

உணர்ச்சி வரும், போம். உண்மையோ நிலைத்திருத்தல் வேண்டும். வேனிலிலன்றோ வேர் நீரை நாடி ஆழச் செல்கின்றது? நண்பர்காள், மழை வருமளவும் நிலத்தை விட்டகலாதிருப்போமாக.