படிக்கத் திணறும் பிள்ளைக்கு உங்கள் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

1896-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் எழுதினார். சிறுவனின் பெயர் பெர்சி. சொந்தப் பெயரை எழுதச் சொன்னாலே இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி 'பிரெசி' என்று எழுதுவான். ஆனால் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னபோது மளமளவென்று சரியாகப் போட்டுவிட்டான். பாடம் முழுவதையும் வாயாலேயே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் டாக்டர் குறித்து வைத்திருக்கிறார்.

ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் வகுப்புகளை நான் பெர்சியின் கதையோடுதான் தொடங்குவேன். அவனுக்கு இருந்ததைத்தான் இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். கண்ணில் கோளாறு இல்லை, அறிவிலும் குறை இல்லை. காதில் விழும் ஒலியையும் தாளில் உள்ள எழுத்தையும் மூளை இணைப்பதில்தான் சிரமம். பாடத்தை வாயால் நடத்த அன்று ஒரு ஆள் வேண்டியிருந்தது. இன்று உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரே படித்துக் காட்டும்.

ஒரு வகுப்பு முடிந்ததும் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர் தயங்கியபடி வந்தார். "சார், என் கிளாஸ்ல ஒரு பையன் 'கொடி'ன்னு எழுதச் சொன்னா 'கெடி'ன்னு எழுதுவான். நூறு தடவை இம்போசிஷன் குடுத்தேன். நூறும் கெடி. சோம்பேறின்னு நெனைச்சு அடிச்சிருக்கேன் சார்" என்றார். அவருக்கு அன்று நான் செய்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் படித்துக் காட்டும் வசதி. பாடம் வேர்ட் பைலாக, ஆங்கிலத்தில் இருந்தால் வேலை சுலபம். வேர்ட் 2019 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பில் 'ரிவ்யூ' டேபைத் திறந்து 'ரீட் அலவுட்' என்பதில் கிளிக் செய்திடுங்கள். படிக்கப்படும் சொல் அந்தந்த நேரத்தில் நிறம் மாறித் தெரியும். கண்ணும் காதும் ஒரே சொல்லில் நிற்பதால் இதை அணைத்துவிடாதீர்கள். வேகத்தைக் குறைக்கும் வசதியும் அங்கேயே உள்ளது.

தமிழ்ப் பாடத்திற்கு நான் எட்ஜ் பிரவுசரையே பயன்படுத்தச் சொல்வேன். பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல், ஷிப்ட், யு ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் படிக்கத் தொடங்கும். குரலைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தமிழில் பல்லவி, வள்ளுவர் என்ற குரல்கள் இருக்கும். இவற்றுக்கு இன்டர்நெட் இணைப்பு தேவை.

பி.டி.எப். பைல் என்றால் ஒரு சிக்கல் வரலாம். சில தமிழ் பி.டி.எப். பைல்களைப் படிக்கச் சொன்னால் ஏதோ உளறும், அல்லது பேசாமல் நிற்கும். பழுது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தமிழாகத் தெரிந்தால் பைல் யூனிகோடில் இருக்கிறது, படிக்கும். குப்பையாகத் தெரிந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். இந்த இரண்டிலும் பாடத்தைத் திரும்ப டைப் செய்வதே நல்லது. நாலு பக்கத்திற்காக ஒரு மாலை போய்விடும், தெரிந்ததுதான்.

டைப் செய்யும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். எழுத்து 14 பாயிண்ட் இருக்கட்டும். கண்ட்ரோல் 5 அழுத்தினால் வரிகளுக்கு இடையே ஒன்றரை மடங்கு இடைவெளி வரும். கண்ட்ரோல் எல் அழுத்தி இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நிற்கும்படி வையுங்கள். இரு பக்கமும் ஒழுங்காக்கினால் சொற்களுக்கு இடையே ஓட்டை விழுந்து, பிள்ளை வரியைத் தவறவிடும். அடிக்கோடும் சாய்வெழுத்தும் வேண்டாம். வெள்ளைத் தாளின் பளபளப்பு சில பிள்ளைகளுக்குத் தொல்லை. 'டிசைன்' டேபில் 'பேஜ் கலர்' சென்று வெளிர் மஞ்சள் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். டிஸ்லெக்சியாவுக்கென்றே ஓபன்டிஸ்லெக்சிக் என்ற ஆங்கில எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பலர் புகழ்வார்கள். சோதனைகளில் பெரிய பலன் தெரியவில்லை என்பதால் நான் அதற்காக நேரம் செலவிடுவதில்லை.

இனி 'கொடி'க்கு வருவோம். 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். ஆனால் காதில் விழுவது முதலில் க், பிறகு ஒ. ஒலியின் வரிசை ஒன்று, கையின் வரிசை வேறு. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. அந்தப் பையன் கொம்பை நினைவு வைத்தான், காலை விட்டுவிட்டான்.

தமிழ்99 கீபோர்டில் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஒலியின் வரிசையிலேயே தட்டுகிறோம். ஆங்கில எச் கீ க தரும், அடுத்து சி கீ தட்டினால் ஒ சேர்ந்து கொ ஆகிவிடும். பிறகு ஓ கீ, எஸ் கீ: டி. கொம்பையும் காலையும் கம்ப்யூட்டரே உரிய இடத்தில் வைக்கிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் சென்று 'டைம் அண்ட் லாங்வேஜ்', அதில் 'லாங்வேஜ் அண்ட் ரீஜியன்' திறந்து தமிழைச் சேர்த்திடுங்கள். பின்னர் தமிழுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, லாங்வேஜ் ஆப்ஷன்ஸில் 'ஆட் எ கீபோர்ட்' மூலம் தமிழ்99 தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

டைப் செய்வதே பாரமாக இருக்கும் பிள்ளைக்குக் குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் திறந்து, 'டூல்ஸ்' மெனுவில் 'வாய்ஸ் டைப்பிங்' எடுத்து, மொழியைத் தமிழ் என்று வைத்து, மைக்கில் பேசவிடுங்கள். விடை தெரிந்தும் எழுத வராமல் சும்மா இருந்த பிள்ளை என்னென்ன தெரிந்து வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் வெளியே வரும்.

ஆனால் இவை எதுவும் வாசிக்கக் கற்றுத்தராது. அந்த வேலை ஆசிரியருடையதுதான். 1930-களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற டாக்டரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் வகுத்த முறை இன்றும் பல பயிற்சிகளுக்கு அடிப்படை. ஒரு எழுத்தைப் பார்த்து, ஒலியைக் கேட்டு, வாயால் சொல்லி, விரலால் வரைந்து, நான்கையும் ஒன்றாகச் செய்வது. தினமும் கொஞ்சம், வரிசை மாறாமல். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் முன்பே பரிசோதித்துவிடுங்கள்.

அந்த ஆசிரியை சில மாதம் கழித்து போன் செய்தார். பையன் பேனாவால் எழுதும்போது இன்னும் கால் விடுகிறானாம். கீபோர்டில் விடுவதில்லை. அறிவியல் பாடத்தைக் காதால் கேட்டுவிட்டு, விடைகளை மைக்கில் சொல்கிறான். முதல் வாரம் மட்டும் கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டேன் என்று அடம் பிடித்தானாம், ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டு மற்ற பிள்ளைகள் சிரித்ததால். ஆசிரியை இரண்டு ஹெட்போன் வாங்கி, ஒன்றை அவனுக்கும் மற்றதை முறை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறார். இப்போது அதற்கு வரிசையே நிற்கிறதாம்.