நன்றியில் தொடங்கும் இரவுச் செபம்

நான் பள்ளி ஆசிரியை. மாலையில் வீடு திரும்பியதும் சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், குடும்பச் செபமாலை என்று நேரம் ஓடிவிடும். அதன் பிறகு, படுக்கப் போகுமுன் கால் மணி நேரம் ஒதுக்கி, அன்றைய நாளை ஆண்டவரோடு சேர்ந்து திரும்பிப் பார்க்கிறேன். ஆன்ம ஆய்வு என்கிற இந்தச் செபம்தான் பல ஆண்டுகளாக என்னைத் தாங்கி வருகிறது. நாள் முழுக்க வேலையிலேயே இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான செபம் இல்லை என்று நம்புகிறேன். அதனால் எனக்குக் கைகொடுத்தவற்றை எழுதுகிறேன்.

இந்த முறையை வகுத்துத் தந்தவர் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். 1521இல் பாம்பலோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. லொயோலாவில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, படிக்க வீரக் கதைகள் கேட்டார். கிடைத்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். அரசவைப் புகழை எண்ணிக் கனவு கண்டபோது அந்த நேரத்துக்கு இனித்தது, பிறகு உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல வாழலாமே என்று நினைத்தபோது வந்த மகிழ்ச்சி, அந்த நினைவு கலைந்த பிறகும் நிலைத்தது. எந்த எண்ணம் எப்படிப்பட்ட மனநிலையில் நம்மை விட்டுச் செல்கிறது என்று கவனிக்க அங்கேதான் கற்றார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் இந்த ஆய்வுக்கு ஐந்து படிகள் இருக்கின்றன. நான் பின்பற்றுவது அவற்றைத்தான்.

நன்றி

இஞ்ஞாசியார் முதலில் வைப்பது பாவத்தை அல்ல, நன்றியை. இந்த வரிசையை மாற்றவே கூடாது. பெற்றதை நினைத்த பிறகு குறையைப் பார்த்தால் மனம் திருந்துகிறது. குறையிலேயே தொடங்கினால் சோர்ந்துபோகிறது. ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று பொதுவாகச் சொல்வதில்லை. கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளை இன்று கை தூக்கியது, நான் தொண்டை கட்டித் தவித்தபோது சக ஆசிரியை என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது என்று குறிப்பாகச் சொல்கிறேன்.

ஒளி

அடுத்து, தூய ஆவியாரிடம் ஒளி கேட்கிறேன். என் பார்வையில் மட்டும் பார்த்தால், ஒன்று என்னையே நியாயப்படுத்துவேன், இல்லாவிட்டால் என்னையே கடிந்துகொள்வேன். ஆண்டவர் பார்ப்பதுபோல் என் நாளைப் பார்க்க அவருடைய துணை வேண்டும்.

நாளைப் பின்தொடர்தல்

காலையில் எழுந்தது முதல் மணி மணியாக நாளைக் கடந்து வரச் சொல்கிறார் இஞ்ஞாசியார்: முதலில் எண்ணங்கள், பிறகு சொற்கள், பிறகு செயல்கள். எனக்குப் பாடவேளைகளாகப் பிரித்துக்கொள்வது வசதியாக இருக்கிறது. எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது என்று பார்க்கிறேன். சுருங்கிய இடத்தில் சற்று நின்று, ஏன் என்று ஆண்டவரிடமே கேட்கிறேன். பல நாள்களில் கோபம் என்று நான் நினைத்தது உண்மையில் பயமாக இருக்கும். அது புரிந்தால் செபமும் உண்மையாகிறது.

மன்னிப்பு

அன்று மனத்தை உறுத்தும் ஒன்றை எடுத்து, அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். பொழுது சாய்வதற்குள் சினம் தணியட்டும் என்று எபேசியருக்கு எழுதுகிறார் பவுலடியார். வீட்டில் யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால், செபத்தை அப்படியே நிறுத்திவிட்டு அவரிடம் போய்ப் பேசிவிட்டு வருவது நல்லது. ஆன்ம ஆய்வு ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மாற்று அல்ல. ஆனால் தினமும் இதைச் செய்கிறவர்களுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது என்ற திகைப்பு இருக்காது.

நாளை

திருந்துவேன் என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, எந்த வேளைக்கு அருள் வேண்டும் என்று கேட்பது பலன் தருகிறது. ‘நாளை மதிய உணவுக்குப் பின் வரும் வகுப்பில் பொறுமை தாரும்’ என்பேன். அந்த வேளை வரும்போது செபம் நினைவுக்கு வந்துவிடும். இஞ்ஞாசியார் சொன்னபடியே விண்ணகத் தந்தையை நோக்கிய செபத்தோடு முடிக்கிறேன்.

நடைமுறைக்குச் சில குறிப்புகள்

படுக்கையில் சாய்ந்துகொண்டு செய்யாதீர்கள், தூக்கம் வந்துவிடும். நாற்காலியிலோ பாயிலோ நிமிர்ந்து உட்காருங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். இரவுப் பணி செய்கிறவர்களுக்குக் காலைதான் நாளின் முடிவு, அப்போது செய்யலாம். நெஞ்சில் நின்ற ஒன்றை ஒரு வரியாக நோட்டில் குறித்து வைத்தால், மாதக் கடைசியில் ஆண்டவர் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பது தெரியும். ஆன்ம குருவிடம் பேசவும் அது உதவும்.

சொற்களே வராத அளவுக்குக் களைத்த நாள்களும் உண்டு. அப்போது திருச்சபையின் பழைய இரவு மன்றாட்டைக் கையில் எடுக்கிறேன். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு ஒவ்வோர் இரவுக்கும் குறித்த திருப்பாடல்கள் 4, 91, 134. அவற்றில் ஒன்றை மெதுவாக வாசித்தாலே போதும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், நெற்றியில் சிலுவை வரையும்போது ‘இன்னைக்கு இயேசுவுக்கு எதுக்குத் தேங்க்ஸ் சொல்லலாம்?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்கள் நம்முடைய செபத்துக்கும் உரம் சேர்க்கும்.

படிப்பில் மூழ்கியிருந்த இளம் சபையினருக்கும் நாளுக்கு இருமுறை இந்த ஆய்வை வைத்தார் இஞ்ஞாசியார். பேச்சிலும் நடையிலும் உணவிலும் கடவுளைத் தேட வேண்டும் என்பதே அவர் விருப்பம். வேலைப்பளுவைக் காரணம் காட்டி நாம் விட்டுவிட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஐந்து படிகளையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வாரம் முழுக்க நன்றி மட்டும் சொல்லுங்கள். மற்ற நான்கும் அதிலிருந்தே வளரும்.