பொம்மையைத் திருப்பிப் பாருங்கள்



சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறினால் விருத்தாசலம் பக்கம்தான். அங்கே செய்த பீங்கான் பொம்மை ஒன்று உங்கள் வீட்டுக் கொலுவிலும் இருக்கலாம். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பல பொம்மைகளின் அடியில் ஒன்றுமே இருக்காது. கண் எழுதி, சேலைக்கு வண்ணம் தீட்டியது பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள். சூளையும் மொத்த வியாபாரமும் பெரும்பாலும் ஆண்கள் கையில். பேர் இல்லாத சரக்குக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. "இதே மாதிரி பத்து பேர்கிட்ட கிடைக்குதும்மா" என்பார். நம்மிடம் பதில் இருக்காது.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்ற பீங்கான் வட்டாரத்திலும் இதே கதைதான். அங்கே கிளாரிஸ் கிளிஃப் என்ற பெண் 13 வயதில் வண்ணம் தீட்டும் வேலைக்குப் போனார். பின்னாளில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில், பழுதுள்ள பழைய வெள்ளைப் பாத்திரங்கள் விற்காமல் குவிந்து கிடந்தன. பழுது தெரியாதபடி பளிச்சென்ற முக்கோணங்களை அவற்றின்மேல் தீட்டினார். 1927-ல் 'பிசார்' என்ற பெயரில் அவை கடைக்குப் போயின. அடியில் அவர் பெயர் முத்திரை! கடைக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். 1929-ல் சூசி கூப்பர் என்ற இன்னொரு பெண் சொந்தத் தொழிலே தொடங்கினார். தாவும் மான்தான் அவருடைய அடையாளம்.

நாம் எப்படிச் செய்வது? வார்ப்பு அச்சின் அடிப்பகுதியிலேயே பெயரைச் செதுக்கிவிட்டால், ஒவ்வொரு பொம்மையிலும் செலவில்லாமல் விழும். ஆனால் சுட்டால் களிமண் சுருங்கும், கிளேஸ் எழுத்துக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் எழுத்து பெரிதாக, ஆழமாக இருக்கட்டும்; அடியில் கிளேஸ் பூசாதீர்கள். வண்ணம் தீட்டுவது மட்டும் உங்கள் வேலை என்றால், சூளைக்குப் போகும் முன் பீங்கான் வண்ணத்தில் ரப்பர் ஸ்டாம்பு குத்தலாம். சுட்ட பிறகு அது அழியாது. பெயர் சின்னதாக, போனில் சொன்னால் புரிகிற மாதிரி இருப்பது நல்லது. 'ஸ்ரீ லட்சுமி' வேண்டாமே, ஊருக்கு நாலு இருக்கிறது.

பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவு கிடைக்கும் முன்பே வட்டத்துக்குள் 'ஆர்' குறியைப் போட்டுவிடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளத் தடையில்லை.