இணையக் கடையின் வாசற்படி

எமது சகோதரர்கள் பலர் இன்று இணையத்தில் கடை திறந்துள்ளனர். வீட்டிலிருந்தே தைத்து விற்கும் சகோதரிகளும் இதில் அதிகம். மகிழ்ச்சியான விடயம்தான். ஆனால், "விளம்பரத்துக்குக் காசு கட்டுகிறோம், ஆட்கள் வந்து பார்க்கிறார்கள், வாங்குகிறார்கள் இல்லை" என்ற முறைப்பாட்டை நான் அடிக்கடி கேட்கிறேன். அவர்களது பொருள் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கிறது. விளம்பரத்தை அழுத்துபவர் முதலில் வந்து சேரும் பக்கத்தில்தான் குறை. இதனை லேண்டிங் பேஜ் என்பர்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி வாங்க வருபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், நாலு கேள்வி கேட்பார். கடையில் நிற்பவர் பதில் சொல்வார். இணையத்தில் அந்தப் பதிலை எல்லாம் பக்கமே சொல்ல வேண்டும். ஓர் அபாயாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, விளம்பரத்தில் காட்டிய அதே அபாயா பக்கத்தின் மேலேயே இருக்க வேண்டும். அதை அழுத்தியவரை நூறு பொருட்கள் உள்ள முகப்புக்கு அனுப்பினால் தேடிக் களைத்துத் திரும்பி விடுவார்.

இரண்டாவது, விலை. "விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்" என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகமே வரும். வியாபார இடத்தில் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலும் உள்ளது. கூரியர் கட்டணத்தையும் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். கடைசியில் கூடும் தொகை வாடிக்கையாளரை விரட்டும்.

மூன்றாவது, அளவு. 52, 54, 56 என்பது நீளம் அங்குலத்தில் என்பது எல்லோருக்கும் தெரியாது. "தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை 54 அங்குலம், உங்களிடம் உள்ள அபாயாவை விரித்து அளந்து பாருங்கள்" என்று எழுதுங்கள். மார்பு அகலம், கை நீளம், துணி நிதாவா க்ரேப்பா, ஷோல் சேர்த்தா இல்லையா என்பதும் வர வேண்டும்.

நான்காவது, படம். டுபாய்க் கடையின் படத்தை எடுத்துப் போடாமல் உங்கள் பொருளையே பகல் வெளிச்சத்தில் எடுங்கள். தையல் தெரியும்படி கிட்டவும் ஒரு படம் எடுங்கள். படத்தின் பருமனைக் குறைத்தே ஏற்றுங்கள். டேட்டா குறைவான கையடக்கத் தொலைபேசியில் பக்கம் திறக்கும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

ஐந்தாவது, ஓடர் செய்யும் பொத்தான் ஒன்றே ஒன்று, பெரிதாக இருக்கட்டும். பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் போதும். எத்தனை நாளில் பொருள் வரும், அளவு பிழைத்தால் மாற்றித் தருவீர்களா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பவற்றை பொத்தானுக்குக் கீழேயே எழுதி, கடையின் விலாசத்தையும் போடுங்கள்.

இவற்றை மறைத்து விற்றால் என்ன நடக்கும்? எமது மக்களில் அநேகர் பொருள் கைக்கு வந்த பிறகே காசு கொடுக்கின்றனர். படத்தில் கண்டது வேறு, வந்தது வேறு என்றால் பார்சலை வாசலிலேயே திருப்பி விடுவார்கள். போன கூலியும் வந்த கூலியும் வியாபாரியின் தலையில்தான். விற்ற அபாயாக்களின் இலாபத்தைத் திரும்பி வரும் பார்சல்கள் தின்றுவிடும்.

மார்க்கமும் இதையே எமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. விலையை முன்கூட்டியே பெற்று, பொருளைப் பிறகு ஒப்படைக்கும் ஸலம் வியாபாரத்தில் பொருளின் தன்மை, அளவு, ஒப்படைக்கும் காலம் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும் என இமாம்கள் நிபந்தனையிட்டனர். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டுக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நிறம் சற்று மங்கலாக இருந்தால், துணி சுருங்குமென்றால், அதையும் பக்கத்தின் மேலேயே எழுதுங்கள். அதைப் படித்த பின்பும் வாங்குபவர் திருப்பி அனுப்ப மாட்டார்.

இன்றிரவு உங்கள் பக்கத்தை வீட்டில் உள்ள ஒருவரின் தொலைபேசியில் திறந்து கொடுங்கள். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் பக்கத்தில் விடுபட்டுப் போன ஒரு வரி. அவற்றை எழுதிச் சேருங்கள். பரக்கத்தை அல்லாஹ் தருவான், இன்ஷா அல்லாஹ்.